மூன்றாம் லைன் பெண்களின் கை வேர்வை

டேப்ரிக்கார்டர் செத்துப்போனதால் பிறந்தது மிருதா. ஓசூர் சிப்காட்டில், மூக்கண்டப்பள்ளிக்குப் போகிற வழியில், ஹேமாத்ரி அப்ளையன்சஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. பதினைந்து வருடமாக அங்கே செய்தது ஒரே பொருள்: கேசட்டைச் சுற்றுகிற, கட்டைவிரல் பருமனுள்ள மோட்டார். சி.டி. வந்தது, கேசட் போயிற்று. 2002இல் கோடவுனில் விற்காத மோட்டார்கள் கூரைவரை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தன. பெங்களூரிலிருந்து காரில் வந்துபோகிற முதலாளி அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப மனமில்லாமல், மோட்டாரின் தலையில் வட்டமான நைலான் பிரஷ் ஒன்றை மாட்டினார். பேட்டரியில் சுழலும். நுரை போட்டு முகத்தில் வைத்தால் அழுக்கை எடுக்கும். வெளிநாட்டுப் பத்திரிகையில் எங்கோ பார்த்திருந்தாராம். மிருதா என்று பெயர் வைத்து 2004இல் கடைகளுக்கு அனுப்பினார். ஓரளவு விற்றது.

இந்தப் பிராண்டின் வரலாற்றைக் கம்பெனி வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்திருந்தது. அதில் முதலாளி இருக்கிறார், விளம்பரக் கம்பெனி இருக்கிறது, விற்பனை ஏறிய கோடு இருக்கிறது. ஜோதிமணி இல்லை. கோடு நடுவில் ஓரிடத்தில் சரிந்து மறுபடி நிமிர்வதை அந்தத் தாளில் எவரும் பார்க்கலாம். நிமிர்த்தியவர் யார் என்பதை அதில் பார்க்க முடியாது.

ஜோதிமணி அருப்புக்கோட்டைப் பக்கம். எட்டு வயதில் பள்ளி விட்டு வந்ததும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர். அதைக் குழந்தை உழைப்பு என்று யாரும் அங்கே சொல்வதில்லை, 'ஒத்தாசை' என்பார்கள். ஊர்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நல்ல வார்த்தை கைவசம் வைத்திருக்கின்றன. பன்னிரண்டாவது முடித்தார், வெள்ளைச்சாமியைக் கட்டிக்கொண்டார், 2001இல் ஓசூருக்கு வந்தார். வெள்ளைச்சாமிக்கு லாரியின் பிரேக் டிரம் வார்க்கிற பவுண்டரியில் வேலை. எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லைன் வீட்டில் குடித்தனம். மகள் தர்ஷினி பக்கத்திலேயே ஒன்றாம் வகுப்பு.

மிருதா தொடங்கிய நாளிலிருந்து ஜோதிமணி மூன்றாம் லைனில் இருந்தார். மோட்டாரிலிருந்து நீண்டு வரும் மெல்லிய இரும்புத் தண்டை ஷாஃப்ட் என்பார்கள். அதை வளையத்தில் நுழைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியை அழுத்திப் பூட்ட வேண்டும். ஷிப்டுக்கு அறுநூறுக்கு மேல். மூன்றாம் லைனில் ஆறு பெண்கள், ஆறு பேரும் காண்ட்ராக்ட். நிரந்தரமாக்க வேண்டிய நாள் கணக்கு நிரம்புவதற்குச் சற்று முன்னால் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புது ஆள் போல மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். சட்டத்தை மீறவில்லை, சட்டத்தின் வாசலில் போய் நின்று திரும்பி வருகிறார்கள். இப்படிச் செய்கிற கம்பெனிகளின் ஆபீஸ் சுவரில்தான் 'தொழிலாளர்கள் எங்கள் குடும்பம்' என்று எழுதியிருக்கும்.

மிருதாவின் பெட்டியில் சிரிக்கிற பெண்ணின் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அழுக்கை எடுக்கிற கருவியைக் கறுப்பை எடுக்கிற கருவி போல விற்றார்கள். கறுப்பு அழுக்கு அல்ல என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே பாடமாக வைத்திருந்தால் இந்த நாட்டில் பாதி விளம்பரங்கள் பிழைத்திருக்காது. சேலத்துக் கடைகளில் பிரஷை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்றபோது ஜோதிமணி பெயர் கொடுத்தார். பெர்சனல் ஆபீசர் அவர் முகத்தைப் பார்த்து "பார்க்கலாம்" என்றார். பிறகு ஆபீசில் டைப் அடிக்கிற இரண்டு சிவந்த பெண்கள் போனார்கள். ஜோதிமணிக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. "நாள் முழுக்க நின்னுக்கிட்டுச் சிரிக்கிறது நமக்கு ஒத்து வராதுப்பா" என்று முடித்துக்கொண்டார். எதையும் அப்படி இலேசாக எடுத்துக்கொள்கிற சுபாவம். ஒன்றே ஒன்றைத்தான் அவரால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2006 நடுவிலிருந்து மிருதாக்கள் திரும்பி வரத் தொடங்கின. வாங்கி இரண்டு மாதத்தில் நின்றுபோய்விடுகிறது என்று கடைக்காரர்கள் மூட்டையாகக் கட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு பிரஷின் அடியிலும் எந்த லைனில் செய்தது என்ற எண் உண்டு. திரும்பி வந்தவற்றில் பத்துக்கு ஒன்பது மூன்றாம் லைன். சோதனை அறையில் பிரித்துப் பார்த்தால் மோட்டார் சுருள் எரிந்திருந்தது, ஷாஃப்டில் துரு இருந்தது. துரு எப்படி வந்தது? புரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி ஒரு காரணம் கண்டுபிடித்தார்: மூன்றாம் லைன் பெண்களின் கை வேர்வை.

டிசம்பர் முதல் வாரம், ஷிப்டு தொடங்கும் முன் மூர்த்தி லைன் முன்னால் வந்து நின்றார்.

"கிளவுஸ் எதுக்குக் குடுத்திருக்கு? ஊருக்கு எடுத்துக்கினு போறதுக்கா? வேர்வைக் கையோட ஷாஃப்ட்டத் தொட்டா துரு பிடிக்காம என்ன பண்ணும்?"

ராயக்கோட்டையிலிருந்து வருகிற ருக்மணிக்கு வாய் சும்மா இருக்காது. "சார், டிசம்பர் மாசம் ஓசூர்ல யாருக்கு சார் வேர்க்குது? நாங்க ஸ்வெட்டர் மேல சால்வ போத்திக்கினு வரோம்."

"ஒண்ணாம் லைன்லயும் கைதானே வச்சிருக்காங்க? அவங்க பீஸ் ஏன் திரும்பி வரல?"

ஒன்றாம் லைன் பீஸ்கள் திரும்பி வராதது உண்மைதான். அதுதான் சங்கடம்.

அதற்கு முந்தின மாதமே முதலாளி ஒரு வாஸ்து ஆளை வரவழைத்திருந்தார். அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்து, மூன்றாம் லைன் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் குற்றம் என்றார். இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தி, பெல்ட்டைப் பெயர்த்துக் கிழக்குப் பார்த்துப் போட்டார்கள். காலை வெயில் நேராகப் பெண்களின் கண்ணில் விழுந்தது. பிரஷ்கள் முன்போலவே திரும்பி வந்தன. ஷாஃப்டுக்கு யாரும் கிழக்கு மேற்கு சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இன்ஜினியரிங் படித்தவர்கள் நான்கு பேர் இருந்த கம்பெனி அது. அந்த நால்வரும் திசைகாட்டிக்காரர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

வாஸ்துவும் பலிக்காமல் போகவே, நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட் ஏறியது. மூன்றாம் லைன் ஆறு பேருக்கும் ஜனவரி பதினெட்டு முதல் வேலை இல்லை. அதைவிட மோசமானது, ஒவ்வொருவர் ஃபைலிலும் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'கை வேர்வை மிகுதி. நுண்பாக வேலைக்குத் தகுதியற்றவர்.' சிப்காட்டில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காண்ட்ராக்டர் அந்த ஃபைலைத்தான் தூக்கிக்கொண்டு போவார். அந்த ஒரு வரி இருந்தால் மோட்டார், வாட்ச், சர்க்யூட் போர்டு எந்த லைனிலும் உட்கார முடியாது. வெள்ளைச்சாமி ஒருவர் சம்பளத்தில் ஓசூரில் மூன்று பேர் இருக்க முடியாது. அப்படியானால் ஜோதிமணியும் தர்ஷினியும் அருப்புக்கோட்டைக்குத் திரும்ப வேண்டும். அங்கே தர்ஷினி பள்ளி விட்டு வந்ததும் என்ன ஒத்தாசை செய்வாள் என்பது ஜோதிமணிக்குத் தெரியும்.

அந்த வாரம் சானமாவுக் காட்டில் யானைகள் வந்திறங்கின. கேழ்வரகு கதிர் முற்றுகிற பருவத்தில் வருடா வருடம் வருபவைதான். திரும்பி வந்த மூட்டைகளைப் பிரித்துச் சீட்டைப் பதிகிற மேசையில் நாகம்மா என்பவர் வேலை பார்த்தார். ஐம்பத்தைந்தைத் தொட்டவர். சானமாவை ஒட்டிய கிராமத்தில் அவருக்கு அரை ஏக்கர் கேழ்வரகு. மூன்று நாள் அவர் வரவில்லை. யாராவது அந்த மேசையைப் பார்க்க வேண்டும். "போகப்போற ஆளுதானே, நீ போய் உக்காரு" என்று சூப்பர்வைசர் ஜோதிமணியை அனுப்பினார்.

மேசையின் மேல் திரும்பி வந்த சரக்கு ஒரு மூட்டை இருந்தது. ஒவ்வொரு பிரஷோடும் கடைக்காரர் எழுதிய சீட்டு. அந்தத் துருவைத் தானே பார்த்துவிட, ஜோதிமணி ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் பிரஷின் மூடியை நெம்பினார். வரவில்லை. இன்னும் அழுத்தி நெம்பினார். மூடி பட்டென்று கழன்றது; உள்ளே ஷாஃப்டைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று காய்ந்து சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. துரு இல்லை. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததில் மஞ்சள் இன்னும் தூக்கல். விரலை நனைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

பயத்தம் மாவு. கஸ்தூரி மஞ்சள். கொஞ்சம் பூலாங்கிழங்கு.

அந்த மணத்தை அடையாளம் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. தெற்கே எந்த வீட்டுக் குளியலறை மாடத்திலும் ஒரு டப்பாவில் இருப்பது அது. ஜோதிமணி சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். சேலம், கரூர், விருதுநகர், அனந்தபூர், மறுபடி சேலம். பெங்களூர் என்று ஒரு சீட்டுகூட இல்லை. மூன்றாம் லைன் சரக்கு எப்போதும் தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் போகிற லாரியில் ஏறும். ஒன்றாம், இரண்டாம் லைன் சரக்கு பெங்களூருக்கும் பம்பாய்க்கும். பெங்களூரில் பிரஷ் வாங்குகிற பெண்கள் குழாயிலிருந்து பிதுக்கிய நுரையைப் போட்டுத் தேய்க்கிறார்கள். சேலத்துப் பெண்கள், பிரஷ் வாங்கிவிட்டோமே என்பதற்காகப் பயத்தம் மாவை விட்டுவிடவில்லை. குழைத்த மாவு ஷாஃப்ட் இடுக்கில் புகுந்து காய்ந்து பூட்டிக்கொள்கிறது. பூட்டியதை இழுத்து இழுத்து மோட்டார் எரிகிறது.

இரண்டு வருடம் விற்று, விளம்பரம் எடுத்து, வாஸ்து பார்த்து, ஆறு பேரை வெளியே தள்ள லிஸ்டும் போட்டாயிற்று. வாங்குகிறவர்கள் முகத்தை எதைப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று இந்தக் கம்பெனியில் ஒருவர்கூட யாரையும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. மாவு இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, சோதனை அறையில் எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? அங்கே தெரிந்தது வெறும் துரு. அதற்கு விடை நாலாம் நாள் நாகம்மாவோடு வந்தது. வந்ததும் அவர் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து, சோப்புத் தூளைப் போட்டுக் கலக்கி, மூட்டையிலிருந்த பிரஷ்களை அப்படியே அதில் கவிழ்த்தார்.

"என்னக்கா பண்றீக?"

"ஊறட்டும்மா. டீ டைமுக்கு எடுத்துத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும். அப்புறம் தட்டுல காயவச்சு மேல அனுப்பறது."

"எப்பவும் இப்படித்தானா?"

"பின்ன? யாரோ எவரோ மூஞ்சில தேச்சது. அத அப்படியே ஆபீசருங்க கையில குடுக்கறதா? மரியாத வேணாமா?"

மாவு வெந்நீரில் கரைந்துவிடும். காயவைத்த இரண்டு நாளில் ஈரம் பட்ட ஷாஃப்டில் துரு ஏறும். குற்றத்துக்கான சாட்சியை ஒவ்வொரு வாரமும் ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தில் பொய்ச் சாட்சியையும் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதையும் மரியாதைக்காக.

ஜோதிமணி வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாகம்மாவைக் கேண்டீன் பின்பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். நாகம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ உங்க ஆறு பேர் சோத்துல மண்ணப் போட்டது நானா?"

"நீங்க இல்லக்கா."

"நான் இல்லாம? நான்தான் வெந்நி போட்டேன். மூர்த்தி சாருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு மின்ன என்னய அனுப்பிடுவாரு. மூணு வருசம்தான் பாக்கி இருக்குது எனக்கு."

ஜோதிமணி அவர் தோளைத் தொட்டார். "உங்க பேர நான் எடுக்கல. வேற வழி இருக்கான்னு பாப்போம்."

அன்று மாலை வெள்ளைச்சாமியிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார்.

"எங்க அம்மாகிட்ட அந்த பிரஷக் குடுத்திருந்தா ரெண்டே நாள்ல சொல்லியிருக்கும். அது சோப்பையே தொடாது."

"சிரிக்காதீக. நான் போய்ச் சொன்னா, வேல போகுதுன்னு கத கட்டுறாம்பாக."

"நீ ஏன் சொல்லுத? பீஸு சொல்லட்டும்." வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க பவுண்டரில டிரம் ஒடஞ்சா, அந்த ஷிப்டு இந்த ஷிப்டுன்னு சண்ட வரும். ரெண்டு ஷிப்டு டிரம்மையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே சுத்தியலால அடிப்பாக. எது ஒடையுதோ அதான். வாயே தொறக்க வேண்டாம்."

மறுநாள் ஜோதிமணி குவாலிட்டி இன்ஜினியர் ஜெகதீஷைப் போய்ப் பார்த்தார். பெங்களூர்க்காரர், இருபத்தாறு வயது இருக்கும், கன்னடம் கலந்து தமிழ் பேசுவார். வாஸ்து ஆளின் பின்னால் கைகட்டி நடந்த நால்வரில் அவரும் ஒருவர். ஆனால் நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை ஜோதிமணி கவனித்திருந்தார்.

"சார், இந்த பிரஷை பயத்தம் மாவு போட்டு ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"பயத்தம் மாவு அந்த்ரே? ஹெசரு ஹிட்டா?"

"பச்சப்பயறு அரைச்ச மாவு சார்."

"அதேதான். எங்க அம்மா தினம் அதுதான் முகத்துக்குப் போடறது." ஜெகதீஷின் கையிலிருந்த பேனா மேசைமேல் உருண்டு போயிற்று, அதை எடுக்கவில்லை. தன் வீட்டுக் குளியலறையில் இருந்த விடையை அவர் அரை வருடமாகப் பூதக்கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"எட்டு பீஸ் குடுங்க சார்," என்றார் ஜோதிமணி. "ஒண்ணாம் லைன்ல நாலு, எங்க லைன்ல நாலு. நீங்களே எடுத்து, நீங்களே நம்பர் எழுதி ஒட்டுங்க. ரெண்டு லைன்லயும் பாதிக்கு மாவு, பாதிக்கு நுரை. வீட்டுல ஒரு நாளைக்கு ஒரு தரம் தேய்ப்பாக. நாங்க மூணு தரம் தேய்க்கோம். எங்க வேர்வைதான் காரணம்னா எங்க லைன் பீஸு மட்டும்தான் நிக்கணும். நின்னா, பொங்கலுக்கு நாங்களே போயிக்கிறோம்."

இந்தியாவில் படித்துப் பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சோதனையைத் தானாக அமைக்கத் தெரியும் என்று எனக்கு ஐயம் உண்டு. எது காரணம் என்று அறிய, மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அறிவியல் என்பது அவ்வளவுதான். அதற்குத் திசைகாட்டியும் வேண்டாம், எலுமிச்சம்பழமும் வேண்டாம்.

ஜெகதீஷ் எட்டு பீஸ்களைக் கொடுத்தார். கேண்டீன் பக்கத்துக் கழுவுமிடத்தில் பெண்கள் நால்வர் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். இடது கன்னத்துக்கு நுரை பிரஷ், வலது கன்னத்துக்கு மாவு பிரஷ். காலை வந்ததும் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, ஷிப்டு முடிந்து ஒருமுறை. ஜெகதீஷ் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு பிரஷ்களைத் தன் அலமாரியில் பூட்டி வைப்பார். மாவு ருக்மணி வீட்டிலிருந்து வந்தது. மூன்று வருடமாகத் தாங்கள் செய்துவந்த பொருளை அந்தப் பெண்கள் முகத்தில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கூசுதுடி" என்றார் ருக்மணி. "இதுக்குப் போயி கடையில கியூவுல நிக்கிறாங்களே."

ஒரு வாரம் போன பிறகு அவரே கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி கீது. எங்க வீட்டுக்காரரு, நீ எந்தப் பக்கம் திரும்பினா ருக்மணின்னு கேக்கறாரு."

"எந்தப் பக்கம் நல்லாருக்காம்?"

"தூங்கும்போது நல்லாக்கீதாம்."

மூர்த்தி ஒருமுறை அந்தப் பக்கம் வந்தவர், நாலு பெண்கள் கன்னத்தில் மாவோடு நிற்பதையும், இன்ஜினியர் நோட்டும் கையுமாக நிற்பதையும் பார்த்தார். "என்ன ஜெகதீஷ், பியூட்டி பார்லர் வச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தடுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இப்படிச் சில நல்ல காரியங்களைத் தடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பதினோராம் நாள் ஒரு பிரஷ் முனகியது. பதினான்காம் நாள் அது நின்றது. அடிப்பக்கம் பார்த்தார்கள்; ஒன்றாம் லைன், மாவு. அடுத்து இரண்டு நாளில் மூன்றாம் லைன் ஒன்று, மாவு. பதினெட்டாம் நாளுக்குள் மாவு பிரஷ்கள் நாலும் நின்றுபோயின. நுரை பிரஷ்கள் நாலும் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன.

ஜனவரி பத்தாம் தேதி, மூர்த்தியின் அறையில் எட்டு பிரஷ்களையும் வரிசையாக வைத்தார் ஜெகதீஷ். முதலாளியும் அன்று வந்திருந்தார். ஆறு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். நின்றுபோன நாலையும் ஜெகதீஷ் அங்கேயே பிரித்தார். நாலிலும் பச்சையும் மஞ்சளுமாக மாவு இறுகியிருந்தது. ஒன்றிலும் துரு இல்லை.

முதலாளி மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மூர்த்தி மட்டும் விடவில்லை. கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

"சரி, மாவு போட்டா நிக்குது. ஆனா திரும்பி வந்த பீஸ்ல ஒண்ணுலகூட நாம மாவு பாக்கலயே. துருதானே இருந்தது? ஏன்மா ஜோதிமணி, அதுக்கு என்ன சொல்ற?"

ஜோதிமணிக்குப் பதில் தெரியும். சொன்னால் ஆறு பேர் வேலை நிலைக்கும். சொன்னால் இன்னொருவர் வேலை போகலாம். அவர் மூர்த்தியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை.

"அதானே. பதில் இல்ல."

கதவருகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரிட்டர்ன் சரக்குத் தட்டை வைத்துவிட்டுப் போக வந்த நாகம்மா, போகாமல் நின்றிருந்தார்.

"நான்தான் சார் கழுவினது."

"என்னது?"

"வர்ற பீஸ் எல்லாத்தயும் வெந்நில ஊறப்போட்டுக் கழுவித்தான் மேல அனுப்புவேன். திரும்பி வர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. மாவெல்லாம் அதுலயே போயிடும். அந்தப் பொண்ணுக்கு ஒரு மாசமா தெரியும். என் பேரு வந்துடும்னு சொல்லாம நிக்குது."

மூர்த்தியின் முகம் சிவந்தது. "யாரக் கேட்டுக் கழுவின? உனக்கு முதல்ல மெமோ குடுக்கணும்."

அப்போதுதான் ஜோதிமணி பேசினார். குரலை உயர்த்தவில்லை. "சார், அந்த மேசைக்கு மேல வேலை முறைன்னு எழுதி ஒட்டியிருக்கு. நான் மூணு நாள் அங்க உக்காந்தப்ப படிச்சேன். ஒண்ணு, சீட்டைப் பதியவும். ரெண்டு, பிரஷைச் சுத்தமாகச் சோதனை அறைக்கு அனுப்பவும். சுத்தமான்னா என்னன்னு எழுதல. அக்கா சுத்தமாத்தான் அனுப்பினாக. கீழ கையெழுத்து உங்களது."

பிறகு முதலாளி கன்னடத்தில் மூர்த்தியிடம் ஏதோ சொன்னார். மெமோ என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. நாகம்மாவின் மேசைக்கு மேல் புதுத் தாள் ஒட்டப்பட்டது: 'பிரஷைக் கழுவக் கூடாது.' நாகம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம், "கழுவாதன்னு எழுதி வச்சிக்கினு அழகு சாமான் விக்கிற கம்பெனி உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பார்.

அந்தக் கோடையில் ஷாஃப்ட் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று ஏறியது. பெட்டியில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பயத்தம் மாவுக்கும் ஏற்றது' என்று அச்சிட்டார்கள். மிருதா அதற்குப் பிறகுதான் உண்மையில் விற்றது. சேலத்திலும் மதுரையிலும் கேட்டு வாங்கினார்கள். சரிந்த கோடு நிமிர்ந்தது. வழவழப்பான தாளில், 'எங்கள் ஆய்வுக் குழுவின் புதுமை' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. ஆய்வுக் குழு என்பது கன்னத்தில் மாவோடு நின்ற நாலு காண்ட்ராக்ட் பெண்கள் என்று அதில் இல்லை. கேட்டவரையெல்லாம் ஜெகதீஷ் மட்டும் திருத்திக்கொண்டிருந்தார். ஆர்டர் குவிந்ததால் மூன்றாம் லைனைப் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்ப முடியாமல் போய், நாள் கணக்கு தானாக நிரம்பி, ஆறு பேரும் நிரந்தரமானார்கள். கம்பெனியின் மனம் மாறி அல்ல. வாசலில் போய்த் திரும்ப அதற்கு நேரம் கிடைக்காததால்.

அதெல்லாம் பிறகு நடந்தவை. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நோட்டீஸ் போர்டிலிருந்த லிஸ்டைக் கிழித்துவிட்டார்கள் என்று ருக்மணி ஓடி வந்து சொன்னார். ஐந்து பேரும் கைதட்டினார்கள். ஜோதிமணி எழுந்து நேராக மூர்த்தியின் அறைக்குப் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

"சார், ஃபைல்ல எழுதினது?"

"லிஸ்ட்டத்தான் எடுத்தாச்சேம்மா. அப்புறம் என்ன?"

"லிஸ்ட்டு உங்களது சார். ஃபைல் எங்களது. அதுல எங்க கையப் பத்தி ஒரு வரி இருக்கு."

"அத யாரு இனிமே பாக்கப்போறாங்க?"

"நாங்க பாக்கோம் சார்."

மூர்த்தி நாற்காலியில் சாய்ந்து ஆறு பேரையும் பார்த்தார். வெளியே போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத் தேவையில்லை, ஆனால் எழுதி வைப்பது முறை. ஃபைல்களை எடுத்துவரச் சொன்னார். சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'மேற்கண்ட குறிப்பு தவறு. நீக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறு முறை எழுதினார்.

ஜோதிமணி ஆறு ஃபைலையும் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவதை மட்டும் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"ருக்மணி ஃபைல்ல தேதி போடல சார்."

மூர்த்தி தேதி போட்டார்.

ஷிப்டு முடிந்து சைரன் ஊதியது. கேட்டுக்கு வெளியே வெள்ளைச்சாமி தர்ஷினியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டியோடு நின்றிருந்தார். ஊருக்குக் கட்டிய பையில் நாலு நாளைக்கான துணி மட்டுமே இருந்தது. பொங்கல் கழித்து, பதினெட்டாம் தேதி முதல் ஷிப்டில், மூன்றாம் லைனில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அறுநூற்று நாற்பது மிருதாக்கள் ஓடி இறங்கின.